அயலார் பேசும் தமிழும் அயலாக்கப்படும் தமிழரும்: திரைப்பட உரையாடல் மரபு குறித்து

திறவுச்சொற்கள்: திரைமொழி, பேச்சுச்சாயல், தமிழ் முஸ்லிம்கள், லப்பைக்குடிக்காடு, வட்டார வழக்கு

திரைப்படத்தில் அயல்நாட்டு மாந்தர் தம் மொழியை விடுத்துப் பார்வையாளரின் மொழியைப் பேசுவது உலகெங்கும் உள்ள மரபு. ஆங்கிலப் படங்களில் உரோமானியரும் உருசியரும் ஆங்கிலம் பேசுகின்றனர். 2019இல் வெளிவந்த 'செர்னோபில்' தொடரிலும் சோவியத்து மாந்தர் ஆங்கிலமே பேசினர். ஆயினும் உருசியச் சாயலை ஏற்றிப் பேசினால் அது கேலியாகிவிடும் எனக் கருதி அதனை உருவாக்கியோர் அச்சாயலைத் தவிர்த்தனர். மொழியை மாற்றுவதும் சாயலை ஏற்றுவதும் வேறு வேறு செயல்கள் என்பதை இம்முடிவு காட்டுகிறது. முன்னது பார்வையாளரின் வசதிக்கானது. பின்னது பேசுபவரைப் பார்வையாளரிடமிருந்து விலக்கி நிறுத்துவது. தமிழ்த் திரையில் இவ்விரண்டும் எவ்வாறு கையாளப்பட்டன என்பதை, லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களின் தமிழை உரைகல்லாகக் கொண்டு இக்கட்டுரை நோக்குகிறது.

அயலாரைத் தமிழ் பேசவைத்தல் திரைக்கு முந்திய வழக்கம். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் அரபு நாட்டார் தமிழ் விருத்தத்தில் உரையாடுகின்றனர். அரபு நிலமும் மழையும் வயலுமாகத் தமிழ்நிலத்தின் தோற்றம் பெறுகிறது. 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட 'அலிபாபாவும் 40 திருடர்களும்' இதே வழியில் நின்றது. பாக்தாத்து மாந்தர் அனைவரும் தமிழ் பேசினர். அவர்கள் எப்படித் தமிழ் கற்றனர் என்று எவரும் கேட்கவில்லை.

1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வேறொரு வழியைக் கொண்டது. அதில் ஜாக்சன் துரை ஆங்கிலச் சாயல் ஏறிய தமிழைப் பேசுகிறார். கட்டபொம்மனின் சமூகம் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டது; எனினும் திரையில் அவர் மேடைத்தமிழை முழங்குகிறார். கும்பினி ஆட்சியில் இன்றியமையாதவராக இருந்த துபாஷி காட்சியிலிருந்து மறைந்துவிடுகிறார். 1798இல் இராமநாதபுரத்தில் நிகழ்ந்த சந்திப்பு, இடையாள் இன்றி இருவர் நேர்நின்று மோதும் நாடகமாக மாறியது அதனால்தான். வரலாற்று நோக்கில் இது பிழை. நாடக நோக்கில் இதனைவிடச் சிறந்த வழி இருந்திருக்க இயலாது. நெடுங்காலம் கழித்து 'மதராசபட்டினம்' (2010) மொழிபெயர்ப்பாளரை மீண்டும் திரைக்குக் கொணர்ந்தது. ஆனால் நகைச்சுவைப் பாத்திரமாக.

இதுவரை கூறியவற்றில் எவருக்கும் இழப்பில்லை. சாயல் ஏற்றும் உத்தி, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்மீது பாயும்போதே சிக்கல் எழுகிறது. திரையின் நகைச்சுவைக் காட்சிகளில் 'நம்பள்', 'நிம்பள்' என்று பேசும் பாத்திரங்கள் பல தலைமுறையினருக்கு அறிமுகமானவை. வட்டிக்குக் கொடுக்கும் சேட்டு, ஈட்டிக்காரன், 'பாய்' ஆகிய மூவருக்கும் ஏறக்குறைய ஒரே பேச்சு வழங்கப்பட்டது. முன்னிருவரும் வடபுலத்திலிருந்து வந்தோர் எனக் கொள்ளலாம். மூன்றாமவர் எங்கிருந்து வந்தார்?

லப்பைக்குடிக்காடு பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் அமைந்த பேரூராட்சி. 'லப்பை' தமிழ் பேசும் முஸ்லிம் பிரிவினரின் பெயர். 'குடிக்காடு' என்னும் ஈறு பெரம்பலூர், அரியலூர் வட்டார ஊர்ப்பெயர்களில் மிகுதியாக வழங்குவது. ஊர்ப்பெயரே அம்மக்களை அம்மண்ணின் குடிகளாகப் பதிந்து வைத்துள்ளது. உருது பேசுவோர் ரோஜா என்பதைத் தமிழ் முஸ்லிம்கள் நோன்பு என்கின்றனர். நமாஸ் என்பதைத் தொழுகை என்கின்றனர். மஸ்ஜிதைப் பள்ளிவாசல் என்றும் ஈதைப் பெருநாள் என்றும் வழங்குகின்றனர். சமயத்தின் நடுநாயகமான சொற்களைத் தமிழிலேயே அமைத்துக்கொண்ட சமூகம் இது. அரபு எழுத்தில் எழுதியபோதும் அரபுத்தமிழாகத் தமிழையே எழுதியது. உள்நாட்டு ஊர்களில் தந்தை 'அத்தா'. கடற்கரை ஊர்களில் 'வாப்பா'. இத்தகைய நுண்வேறுபாடுகளைக் கேட்கும் செவி நகைச்சுவைக் காட்சிகளை எழுதியோரிடம் இல்லை. வேலூர், ஆம்பூர்ப் பகுதிகளில் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோரின் தமிழையும் அவை உள்ளவாறு காட்டவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சென்னைத் தமிழும் பாலக்காட்டுத் தமிழும் கூடத் திரையில் கேலிக்கு உள்ளாயின என மறுத்துரைக்கலாம். அவை மிகைப்படுத்தப்பட்டவையே ஆயினும் உண்மையான வழக்குகள். கேட்பவர் அவற்றைத் தமிழின் கிளைகளாகவே கேட்கிறார். 'நம்பள்' தமிழோ லப்பைக்குடிக்காட்டின் எந்தத் தெருவிலும் பேசப்படாதது. அது ஒருவரின் வழக்கைக் கேலி செய்வதன்று. அவருக்கு வழக்கே இல்லை என்பது.

நன்மாந்தராக வரும் முஸ்லிம்களின் நிலை சற்றே வேறு. 'பாவமன்னிப்பு' (1961) படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற ரகீம் பொதுத்தமிழ் பேசுகிறார். கண்ணியமான சித்திரிப்புதான், எனினும் அத்தமிழுக்கு ஊர் இல்லை. ஊருள்ள முஸ்லிம் தமிழைக் கேட்க நாம் நாவலுக்கே செல்லவேண்டியுள்ளது. தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை', சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பவர், தென்கோடிக் கடற்கரைக்கும் திருச்சி வட்டாரத்து உள்நாட்டுக்கும் இடையிலான பேச்சு வேற்றுமையை எளிதில் உணர்வர்.

2013இல் வெளிவந்த 'விஸ்வரூபம்' இச்சிக்கலுக்கு எதிர்பாராத வடிவம் தந்தது. அதில் ஆப்கானியத் தலைவன் உமர் தமிழ் பேசுகிறான். மெய்ம்மைத் தோற்றத்தைப் பேண விழைந்த அப்படத்திற்கு அதற்கொரு காரணம் தேவைப்பட்டது. தான் கோவையிலும் மதுரையிலும் தங்கியிருந்ததாக உமர் கூறுகிறான். மொழி மரபுக்குச் சொல்லப்பட்ட இவ்விளக்கம் அவ்விரு நகரங்களின் முஸ்லிம்கள்மீது ஐயத்தின் நிழலாக விழுந்தது. முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பினால் தமிழகத்தில் தடைப்பட்டிருந்த படம், சில உரையாடல்கள் ஒலிநீக்கம் செய்யப்பட்ட பின் பிப்ரவரி 7 அன்று திரைக்கு வந்தது. அப்போதைய வாதங்கள் கருத்துரிமை, மதவுணர்வு என்னும் இரு முனைகளில் நின்றன. உமர் ஏன் தமிழ் பேசினான் என்பது திறனாய்வாளர் எடுத்துப் பேசியிருக்க வேண்டிய வினா. பாக்தாத்து அலிபாபாவின் தமிழுக்கு 1956இல் எவரும் காரணம் கேட்கவில்லை. உமரின் தமிழுக்குத் தேடிய காரணமோ தமிழ்நாட்டு முஸ்லிம்களின் ஊர்களில் கண்டெடுக்கப்பட்டது.