நகலின் விசுவாசம்

அழிந்துபோன மிருகங்களின் மண்டையோடுகளை ரெஸினில் வார்த்து விற்கிறார்கள். வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ள ஆட்களும் இருக்கிறார்கள். இதைப் பொம்மை வியாபாரம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். நகல் என்றாலே மட்டம் என்ற நம் வழக்கமான எண்ணத்துக்கு அது இசைவாகவும் இருக்கும். ஆனால் எல்லா நகலும் ஒரே ஜாதி அல்ல.

வாட்பல் பூனையான ஸ்மிலோடானை எடுத்துக்கொள்வோம். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் லா பிரியா தார்க்குழிகளில் 2000க்கும் மேற்பட்ட ஸ்மிலோடான்களின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. தாரில் மாட்டிக்கொண்ட இரையைத் தின்ன வந்து தானும் மாட்டிக்கொண்ட மிருகம். வெளுத்திருந்த எலும்பில் தார் ஊறி ஊறிப் பழுப்பேறியது. மூல ஓட்டின்மேல் சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, ரெஸினை ஊற்றி, இறுகியபின் அந்தப் பழுப்பைத் தூரிகையால் தீட்டுகிறார்கள். மிருகத்தைக் கொன்ற தார், நகலில் வெறும் நிறமாக எஞ்சுகிறது. வாங்குகிறவர் அதைப் 'பழமை' என்று ரசிக்கிறார். அதே குழிகளில், முறிந்து பின் கூடிய எலும்புகளும் நோய்கண்ட எலும்புகளும் உண்டு. அலமாரி கேட்பதோ பல் முழுசாக உள்ள ஓட்டை. வேட்டைக்காரன் சுவரில் மாட்டும் தலைக்கும் இதற்கும் மனோபாவத்தில் வித்தியாசமில்லை.

இதற்கு எதிர்முனையில் இருப்பது பீக்கிங் மனிதனின் மண்டையோடு. (மனிதனும் பாலூட்டிதானே.) பெய்ஜிங் அருகே சௌகௌதியன் குகையில் 1929 முதல் கிடைத்த மண்டையோடுகள் 1941இல் யுத்தக் குழப்பத்தில் காணாமல் போயின, இன்றுவரை அகப்படவில்லை. மிஞ்சியவை, ஃபிரான்ஸ் வைடன்ரைக் அவற்றைப் பற்றி எழுதிவைத்த விவரணைகளும் முன்கூட்டியே எடுத்திருந்த வார்ப்புகளும்தான். மூலம் போனபின் நகலே சாட்சியானது.

அது எப்படிப்பட்ட சாட்சி என்பது 1966இல் தெரிந்தது. அந்த ஆண்டு அதே குகையில் மண்டையோட்டுத் துண்டுகள் சில கிடைத்தன. 1934இல் கிடைத்துப் பின் தொலைந்த துண்டின் வார்ப்போடு அவற்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். பொருந்தின. ஒரே மனிதனின் மண்டையோடு; பாதி எலும்பு, பாதி வார்ப்பு.

மூலத்தைப் போலிருப்பது கைத்திறன். மூலத்தின் குறையையும் சுமப்பதை நான் விசுவாசம் என்பேன். வார்த்தவர்கள் உடைவை உடைவாகவே விட்டிருந்தார்கள். அழகுக்காக அந்த விளிம்பை மழித்து முழுமையாக்கியிருந்தால், முப்பத்திரண்டு வருஷம் கழித்து வந்த எலும்புக்குப் போய்ச்சேர இடம் இருந்திருக்காது.