அரண்மனைக்கும் ஓடத்துக்கும் ஒரே தமிழா?

சரித்திரப் படம் ஒன்று வெளிவந்தால் மறுநாளே பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். ‘அந்த நடிகைக்கு ழகரமே வரவில்லை’ என்பார் ஒருவர். ‘சோழ இளவரசன் சென்னைப் பையன் மாதிரி பேசுகிறானே’ என்பார் இன்னொருவர். 2022 செப்டம்பரில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் வந்தபோது இந்தப் பேச்சு இருந்தது. 2024 ஆகஸ்டில் ‘தங்கலான்’ வந்ததும் புகார் அப்படியே தலைகீழானது: ‘என்ன பேசுகிறார்கள் என்றே புரியவில்லை.’ இரண்டு படத்திலும் விக்ரம் இருக்கிறார். ஒரே நாக்கு இரண்டு தமிழைப் பேசியிருக்கிறது. இரண்டுக்கும் திட்டு வாங்கியிருக்கிறது. அப்படியானால் நாம் எதை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறோம்?

நம் காதில் உட்கார்ந்திருக்கும் அளவுகோல் அரண்மனையிலிருந்து வந்ததே இல்லை. நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது. 1942இல் ஜூபிடரின் ‘கண்ணகி’க்கு இளங்கோவன் எழுதிய வசனம்தான் ராஜா ராணிப் படங்களின் பேச்சுக்கு ஒரு தோரணையை உண்டாக்கியது. அதில் கண்ணகியாக நின்று நீதி கேட்ட கண்ணாம்பாவுக்குத் தாய்மொழி தெலுங்கு. பன்னிரண்டு வருஷம் கழித்து ‘மனோகரா’வில் கலைஞரின் வசனத்தை அவர் பேசியதைக் கேட்டுவிட்டு, தமிழச்சி என்றால் இப்படிப் பேச வேண்டும் என்று தமிழ்நாடே சொன்னது. நல்ல உச்சரிப்புக்கு இன்றும் நாம் காட்டும் உதாரணங்களில் ஒருவர் ஆந்திரத்துக்காரர். பிறந்த மண்ணை வைத்து நடிகரின் தமிழை எடைபோடுகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அளவுகோலின் உச்சம் 1959இல் வந்தது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படமாவதற்கு முன்பே சிவாஜி மேடையில் நடித்துத் தேய்ந்த நாடகம். ஜாக்சன் துரையோடு மோதும் காட்சியை இப்போது போட்டுக் கேளுங்கள், முடிந்தால் படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும். முதல் சில வரிகளில் குரல் ஏறக்குறைய மரியாதையாகவே இருக்கிறது. பிறகு கேள்விகள் அடுக்கடுக்காக வருகின்றன. ஒவ்வொரு கேள்வியும் முந்தையதைவிட அரைப் படி மேலே தொடங்குகிறது. வல்லின எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கூர்மையாகின்றன. ஒரு வேகப்பந்து வீச்சாளர் ஓவரின் ஐந்து பந்துகளை ஒரே இடத்தில் குத்திவிட்டு ஆறாவதை யார்க்கராக இறக்குவதுபோல், கடைசியில் வசவு வந்து விழுகிறது. மூச்சு எங்கே எடுத்தார் என்று கண்டுபிடிக்க நான் முயன்று தோற்றிருக்கிறேன். எதிரில் ஜாக்சனாக வரும் சி.ஆர். பார்த்திபன் வெள்ளைக்கார இழுப்பைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டு அதே செந்தமிழில் பதில் சொல்கிறார். ‘டுமில் டெரியாது’ என்று கேலிச்சித்திரமாக்காமல் விட்டதால்தான் எதிரிக்கும் ஒரு கனம் கிடைத்தது. அந்த நிதானத்துக்காக பார்த்திபனை நாம் போதுமான அளவு பாராட்டவில்லை.

வரலாறு என்று பார்த்தால் அந்தக் காட்சி அப்படி நடந்திருக்க வாய்ப்பே இல்லை. கட்டபொம்மனின் தாய்மொழியும் தெலுங்குதான். கும்பெனி அதிகாரிகள் மொழிபெயர்க்க துபாஷியை வைத்துக்கொண்டு காரியம் பார்த்த காலம் அது. ஆனாலும் படம் நிற்கிறது. காரணம், அந்தக் குரலில் ஒரு பாளையக்காரனின் ரோஷம் இருக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. ஒரு நடிகர் ஒரு பாத்திரத்துக்காக, கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டிய மேடைக்காக உருவாக்கிய பேச்சு, எல்லா மன்னர்களுக்கும் சீருடையாகிவிட்டது. மன்னர்களோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. தளபதி, பணிப்பெண், ஒற்றன், வாயிற்காவலன் எல்லோரும் அதே சீருடையில் வந்து நின்றார்கள்.

அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதானே பேசியிருப்பார்கள் என்று சிலர் கேட்கலாம். சோழர் கல்வெட்டுகளே அதற்குப் பதில் சொல்கின்றன. மேலே மன்னனின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி செய்யுள் நடையில் கம்பீரமாக ஓடும். கீழே நிலம், நெல், விளக்கெரிக்கக் கொடுத்த ஆடு என்று கணக்கு வரும்போது தமிழ் வேறாகிவிடும். பேச்சு வழக்குகூட எழுத்தில் எட்டிப்பார்க்கும். அன்றைக்கும் தமிழ் ஒன்றுக்கு மேற்பட்டதாகத்தான் இருந்தது.

இந்தச் சீருடையைச் சரியாக அடையாளம் கண்டு கிழித்தவர் வடிவேலு. ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில் (2006) அரசன் செந்தமிழில் ஆரம்பித்து வாக்கியத்தின் நடுவிலேயே மதுரைக்கு வழுக்கி விழுவான். சிரிப்பு அந்த வழுக்கலில் இருக்கிறது. தன் இரட்டை வேடத்தில் நல்லவனான உக்கிரபுத்தனுக்கு அந்த வழுக்கலைக் கொடுக்காமல் குரலாலேயே இருவரையும் பிரித்துக் காட்டினார். நகைச்சுவைப் படம் என்று ஒதுக்கிவிட்டதால், சரித்திரப் பேச்சு பற்றிய தமிழ் சினிமாவின் புத்திசாலித்தனமான விமர்சனம் அதுதான் என்பதை யாரும் சொல்வதில்லை.

இப்போது ‘பொன்னியின் செல்வன்’. ஜெயமோகன் வசனத்தைச் சுருக்கி, அடுக்குமொழியைக் கழற்றிவிட்டார். எழுத்துத்தமிழ்தான், ஆனால் சின்னச் சின்ன வாக்கியங்கள். அந்த ஆடுகளத்தை முதலில் படித்துக்கொண்டவர் கார்த்தி. வினைமுற்றை முழுதாகச் சொல்கிறார். ஆனால் அதன்மேல் கனத்தை ஏற்றாமல் அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறார். அதனால் வந்தியத்தேவன் வசனம் பேசுகிற ஆளாகத் தெரியவில்லை, வாயாடியாகத் தெரிகிறான். விக்ரமின் வழி வேறு. நண்பன் பார்த்திபேந்திரனிடம் பழைய காதலி நந்தினியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் சொற்கள் சுத்தமாக இருக்கின்றன, குரல்தான் உடைகிறது. ‘அமராவதி’யில் அஜித்துக்கும் ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்கும் இரவல் குரல் கொடுத்தவர் அவர். ஒலிக்கூடத்து மைக் எதைப் பிடிக்கும், எதை விடும் என்பது அவருக்கு அத்துப்படி.

ஐஸ்வர்யா ராயின் நந்தினிக்கு தீபா வெங்கட்டின் குரல். தாழ்ந்த, அவசரமில்லாத குரல். நந்தினியின் விஷத்தில் பாதி அந்தக் குரலில்தான் இருக்கிறது. அதே குரலை நயன்தாராவோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு முதல் சில நிமிடங்கள் கொஞ்சம் உறுத்தியிருக்கும், அவ்வளவுதான்.

என் குறை வேறு இடத்தில். கோடியக்கரையில் ஓடம் தள்ளும் பூங்குழலியும் பழையாறை அரண்மனையின் குந்தவையும் ஒரே தமிழ் பேசுகிறார்கள். பாண்டிய நாட்டு மெய்க்காவலர்களான ஆபத்துதவிகளும் அதையேதான் பேசுகிறார்கள். உடையில், நகையில், சிகையில் ஊருக்கு ஊர் வித்தியாசம் காட்டியவர்கள் நாக்கில் மட்டும் காட்டவில்லை. கல்கியின் நாவலே அப்படித்தான் பேசுகிறது என்று சமாதானம் சொல்லலாம். படிக்கிறவன் மனதுக்குள் தன் குரலைப் போட்டுக்கொள்வான். திரையரங்கில் அந்த வசதி கிடையாது.

வேறு மாதிரி முயன்றவர்களும் உண்டு. செல்வராகவன் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (2010) படத்தில் ஒளிந்து வாழும் சோழர்களுக்குப் பழந்தமிழ் வாடையோடு ஒரு பேச்சு கொடுத்தார். பார்த்திபன் (ஜாக்சன் துரையாக வந்தவர் இல்லை, இவர் வேறு) அதை அரசனின் களைப்போடு பேசினார். பாதி அரங்கத்துக்குப் புரியவில்லை. வசந்தபாலனின் ‘அரவான்’ (2012) 18ஆம் நூற்றாண்டுக் கதை, கட்டபொம்மன் காலத்துக்குப் பக்கத்தில். அதில் ஆட்கள் மதுரைப் பக்கத்துக் கிராமத்தார்போல் பேசியபோது ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. களவுக்குப் போகிறவனுக்கு வட்டார வழக்கு பொருந்துகிறது, கிரீடம் வைத்தவனுக்குப் பொருந்தாது என்று நாமே ஒரு சாதிப் பிரிவினை வைத்திருக்கிறோம் போல.

‘தங்கலான்’ படத்தில் பா. ரஞ்சித்தும் உடன் எழுதிய தமிழ்ப் பிரபாவும் அந்தப் பிரிவினையைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1850களின் வட ஆற்காட்டு உழைப்பாளிகள், அவர்கள் பேசுவதும் அந்தச் சீமைப் பேச்சு. விக்ரம் இங்கே சொற்களைக் கடித்துத் துப்புகிறார். மண்ணும் வியர்வையும் சேர்ந்த அடித்தொண்டைக் குரல். சில இடங்களில் பின்னணி இசையும் கூச்சலும் அவரை விழுங்கிவிட்டன. அந்தப் பழியை ஒலிக்கலவையின்மேல் போட வேண்டும், வட்டார வழக்கின்மேல் போடக் கூடாது. முதல்முறையாக ரவிக்கை கிடைத்த பெண்கள் வெட்கமும் கும்மாளமுமாகப் பேசிக்கொள்ளும் காட்சியைப் பாருங்கள். கங்கம்மாவாக வரும் பார்வதி திருவோத்து மலையாளி. அந்தக் கும்மாளத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை.

ஆக, என் கணக்கில் சமீப வருஷங்களில் சரித்திரத் தமிழை மிக லாகவமாகப் பேசியவர் கார்த்தி. துணிச்சலுக்கான பரிசு ‘தங்கலான்’ விக்ரமுக்கு. அடுத்த சரித்திரப் படத்துக்குக் கோடிகளை ஒதுக்கும் தயாரிப்பாளர்களிடம் ஒரே கோரிக்கை: வாள் பயிற்சிக்கும் குதிரையேற்றத்துக்கும் ஆள் வைப்பதுபோல் பேச்சுக்கும் ஓர் ஆளை வையுங்கள். ராஜாவுக்காக வேண்டாம், அவர் எப்படியும் சமாளித்துக்கொள்வார். ஓடக்காரிக்கும் வாயிற்காவலனுக்கும் வையுங்கள்.