சாவியை எடுத்தாலும் தூங்காத ஸ்டீரியோ

பழைய காருக்குப் புது மெருகு கொடுக்க இன்றைக்கு இருக்கும் எளிய வழி, டாஷ்போர்டில் ஒரு 9 அங்குல ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவை மாட்டுவதுதான். மதுரையில் ஓடும் என் பழைய வேகன்-ஆரில் அப்படி ஒன்று பல மாதங்களாக இருக்கிறது. திரை, ராம், ரிவர்ஸ் கேமரா, வயர் இல்லாமல் போனோடு சேர்வது எல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டபடியே வேலை செய்கின்றன. உச்சிவெயிலிலும் மேப் தெளிவாகத் தெரிகிறது. பாட்டும் நன்றாகப் பாடுகிறது. இவற்றில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் இந்தச் செட்டை மாட்டியதிலிருந்து, வண்டியை இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைத்தால் செல்ஃப் எடுக்காது. அதன் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததுதான் இந்த விமர்சனத்தின் பெரும்பகுதி. ஸ்டீரியோ மாட்டிய பிறகு இதே தொல்லையோடு எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன. பேட்டரியின் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள்.

"பேட்டரி போயிருச்சுண்ணே, மாத்திருங்க." எங்கே கொண்டுபோனாலும் இதுதான் பதில். புது பேட்டரிக்கு நாலாயிரத்துக்கு மேல் ஆகும் என்பதால் மாற்றுவதற்கு முன் சோதித்துப் பார்த்தேன். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, வண்டியில் மாட்டாமல் ஓரமாக வைத்தால் 12.6 வோல்ட்டில் அசையாமல் நின்றது. வண்டியில் மாட்டி நிறுத்தினால் 12 பக்கம் இறங்கியது. 12.6 என்றால் முழு பேட்டரி. 12 என்றால் கால்வாசிதான் மிச்சம். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் காட்டியதால் ஆல்டர்னேட்டர் மேலும் குற்றமில்லை. அப்படியானால் வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டை இழுக்கிறது.

ஸ்டீரியோவின் முதுகிலிருந்து வரும் வயர்க்கட்டில் நாலு ஸ்பீக்கருக்கு எட்டு வயர், கேமராவுக்கு, ஸ்டீயரிங் பட்டனுக்கு என்று ஏகப்பட்டது இருந்தாலும், உயிர்நாடி மூன்றுதான். மஞ்சள், பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் 12 வோல்ட் இருக்க வேண்டும். கடிகாரமும் சேமித்த ஸ்டேஷன்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன. சிவப்பில், சாவியைத் திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வர வேண்டும். செட்டை எழுப்புவதும் தூங்க வைப்பதும் அதுதான். கறுப்பு, எர்த்.

வெளியில் வாங்கும் செட்டுகளில் இந்த நிறங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். காரோடு வரும் கப்ளரில் அந்த உத்தரவாதம் கிடையாது. ஐஎஸ்ஓ 10487 என்ற பொதுக் கப்ளரில் 4-ஆம் பின் நேர் பேட்டரி, 7-ஆம் பின் சாவி வழி, 8-ஆம் பின் எர்த். சில ஐரோப்பியக் கார்களில் 4-உம் 7-உம் இடம் மாறியிருக்கும். அதைக் கவனிக்காமல் மாட்டினால், சாவியை எடுக்கும்போதெல்லாம் கடிகாரமும் ஸ்டேஷன்களும் அழிந்துபோகும். எனக்கு வந்த தொல்லை அதற்கு நேர் எதிர்.

எவ்வளவு இழுக்கிறது என்று அளக்க, ஐநூறு ரூபாய் மல்டிமீட்டரும் 10 நம்பர் ஸ்பேனரும் போதும். சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்ற வேண்டும். மீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையில் செருகி, கழற்றிய வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரைச் சேர்க்க வேண்டும். கதவைத் திறந்து வைத்திருந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுத்துவிடும்; கதவுச் சுவிட்சை அழுத்தி வைக்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் வண்டியின் மற்ற மின்னணுப் பெட்டிகள் அடங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்கக் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் அந்த நிமிடமே போய்விடும்.

நிற்கும் வண்டி 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இழுத்தால் கவலையில்லை. என் வண்டி இழுத்தது 300-ஐ ஒட்டி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில், ரேடியோ ஃபியூஸ் வெளியே வந்ததும் எண் சடாரென்று கீழே விழுந்தது. பல கார்களில் உள்விளக்கும் ரேடியோவும் ஒரே ஃபியூஸில் இருக்கும் என்பதால், அதை மறுபடி செருகிவிட்டு ஸ்டீரியோவின் முதுகில் இருக்கும் ஃபியூஸை மட்டும் எடுத்தேன். அப்போதும் அதேபோல் விழுந்தது. கணக்கு எளிது: 300 மில்லி ஆம்பியர் ஒரு நாளில் 7.2 ஆம்பியர்-அவர். என் வண்டியில் இருப்பது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. ஐந்து நாளில் முழுதும் காலி. பாதி போனாலே செல்ஃப் திணறும் என்பதால், மூன்றாம் நாள் வண்டி நிற்பதில் ஆச்சரியமே இல்லை.

ஃபிரேமைக் கழற்றி ஸ்டீரியோவை வெளியே இழுத்து, சாவி இல்லாத நிலையில் சிவப்பு வயரில் மீட்டரை வைத்தேன். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 12.4 வோல்ட். டேப்பைப் பிரித்ததும் தெரிந்தது: மாட்டியவர் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கி, வண்டியின் நேர் பேட்டரி வயரில் சேர்த்து, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருந்தார். செட்டைப் பொறுத்தவரை சாவி எப்போதும் போட்டபடியே இருக்கிறது. இரவில் பவர் பட்டனை அழுத்தினால் அணைவது திரை மட்டும்தான். உள்ளே பிராசஸர் ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்படி ஏன் செய்கிறார்கள் என்று கடைகளில் விசாரித்தால், சாவி இல்லாமலே பாட்டுக் கேட்கலாம் என்பதைக் கஸ்டமருக்குச் செய்யும் வசதியாகச் சொல்கிறார்கள். உண்மையில் சாவி வழி வயரைத் தேடும் பத்து நிமிட வேலை மிச்சமாகிறது. இரண்டு வயரையும் ஒட்டிவிட்டால் செட் உடனே எரியும், கஸ்டமர் பணம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். டெஸ்ட் லேம்ப் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு வண்டியின் வயரிங்கில் கை வைப்பதை நான் எதிர்க்கிறேன். கரண்ட் இருக்கிறதா என்று மட்டும்தான் அது சொல்லும். எத்தனை வோல்ட், எவ்வளவு இழுக்கிறது என்று சொல்லாது. ஸ்டீயரிங் பக்கம் மஞ்சள் உறைக்குள் போகும் ஏர்பேக் வயரில் அதைக் குத்தினால் ஏர்பேக் வெடிக்கும் ஆபத்தும் உண்டு. முறுக்கி டேப் சுற்றும் பழக்கமும் ஒழிய வேண்டும். நம் ஊர் வெயிலில் டாஷ்போர்டுக்குள் அந்தப் பசை இளகி, டேப் தானாகப் பிரிந்து, செம்பு வெளியே வந்துவிடும். ஈயம் வைத்துப் பற்றி, சுருங்கும் ஸ்லீவ் போட இன்னும் ஐந்து நிமிடம்தான் ஆகும்.

மஞ்சளை இருந்த இடத்திலேயே விட்டு, சிவப்பைப் பிரித்துச் சாவி வழி வயரில் சேர்த்ததும், சாவி இல்லாதபோது இழுப்பது 80 மில்லி ஆம்பியர் அளவுக்கு வந்தது. பெரிய முன்னேற்றம்தான், ஆனால் போதாது. மிச்சத்துக்குக் காரணம் வயரிங் இல்லை, செட்டேதான். சாவியைப் போட்டதும் இரண்டே விநாடியில் திரை வர வேண்டும் என்பதற்காக இந்த ஆண்ட்ராய்டு செட்டுகள் முழுதாக அணைவதில்லை; ராமை விழித்திருக்க வைத்துவிட்டு அரைத் தூக்கத்தில் கிடக்கின்றன. எவ்வளவு நேரம் கழித்து முழுதாக அணைய வேண்டும் என்ற தேர்வு ஃபேக்டரி செட்டிங்ஸுக்குள் இருக்கிறது, அதற்கு ஒரு பாஸ்வேர்டு. பெட்டியோடு வந்த தாளில் அந்த பாஸ்வேர்டு இல்லை. விற்ற கடைக்குப் பலமுறை போன் செய்து வாங்க வேண்டியிருந்தது. பேட்டரி காலியாகுமா ஆகாதா என்பதைத் தீர்மானிக்கும் தேர்வை வாங்கியவரிடமிருந்தே பூட்டி வைப்பது பெரிய தவறு. முப்பது நிமிடத்தில் முழுதாக அணையும்படி மாற்றியதும் வண்டி மொத்தமே 20 மில்லி ஆம்பியருக்குள் அடங்கியது. இப்போது காலையில் திரை உயிர்பெற அரை நிமிடம் ஆகிறது. தினமும் ஓடும் டாக்ஸிக்கு இந்த மாற்றம் தேவையில்லை. வாரத்துக்கு ஒருநாள் எடுக்கும் குடும்ப வண்டிக்குக் கட்டாயம் தேவை.

அதே கழற்றலில் இன்னொரு தொல்லையும் தீர்ந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் "கீய்ங்" என்று ஒரு சத்தம் ஏறும், விட்டால் இறங்கும். சத்தம் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. அதன் உள்ளே மூன்று பேஸ் கரண்டை டயோடுகள் டிசியாக மாற்றினாலும் மெல்லிய அலை ஒன்று மிஞ்சும். ஸ்டீரியோவின் எர்த்தும் சீட்டுக்கு அடியில் இருக்கும் சப்வூஃபரின் எர்த்தும் வேறு வேறு இடத்தில், அதில் ஒன்று சரியாகப் பிடிக்காமல் இருந்தால், அந்த அலை ஆர்சிஏ கேபிள் வழியாகப் பாட்டுக்குள் நுழைந்துவிடும். இதற்குக் கடையில் நாய்ஸ் ஃபில்டரை நீட்டுவார்கள். வாங்குவதற்கு முன், எஞ்சினை ஓடவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, பேட்டரி நெகட்டிவுக்கும் ஸ்டீரியோவின் கறுப்பு வயருக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 0.1-க்கு மேல் போனால் எர்த் சரியில்லை. என் வண்டியில் 0.4 இருந்தது, பெயின்ட் அடித்த ஒரு போல்ட்டில் எர்த் கொடுத்திருந்தார்கள். பெயின்டைச் சுரண்டி, லக் போட்டு, இரண்டு எர்த்தையும் ஒரே இடத்தில் இறுக்கியதும் சத்தம் நின்றது. ஃபில்டர் வாங்கவே இல்லை.

எஃப்எம் கரகரப்புக்கும் முதலில் ஸ்டீரியோவைத் திட்ட வேண்டாம். மலை உச்சியிலிருந்து தென்மாவட்டங்களுக்குக் கேட்கும் கொடைக்கானல் வானொலியின் 100.5, என் வண்டியில் இரைச்சலுக்குள் மூழ்கியதற்குக் காரணம், லைட்டர் சாக்கெட்டில் செருகியிருந்த மலிவு விலை சார்ஜர். அதைப் பிடுங்கியதும் தெளிவாகக் கேட்டது. ஆன்டெனாவில் பூஸ்டர் உள்ள கார்களில் செட்டின் நீல வயர் இணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் பூஸ்டருக்குக் கரண்டே போகாது.

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது "50 வாட் x 4". 14.4 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கரில், இந்த வகைச் சிப் சிதையாமல் தரக்கூடியது ஒரு சேனலுக்கு 25 வாட்டை ஒட்டித்தான். காருக்குள் கேட்க அதுவே தாராளம். நடைமுறையில் வராத அந்த எண்ணுக்கு இவ்வளவு இடம் கொடுத்தவர்கள், சாவி எடுத்தபின் செட் எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கும் என்பதை ஒரு மூலையிலும் போடவில்லை. வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய முதல் எண் அதுதான். வயர் நிறப் படத்தையும் ஃபேக்டரி பாஸ்வேர்டையும் அதோடு சேர்த்து அச்சிட்டால், செட் செய்யாத குற்றத்துக்குச் செட்டின் பெயர் கெடாது.

முறையாக மாட்டினால், இந்த விலைக்கு இது நல்ல செட். இன்னொரு பழைய காருக்கும் இதையே சொல்வேன். ஆனால் மாட்டும் கடையில் மல்டிமீட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன், சாவியை எடுத்துவிட்டு, சிவப்பு வயரில் பூஜ்யம் வருகிறதா, அரை மணி கழித்து வண்டி மொத்தம் இழுப்பது 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே நிற்கிறதா என்று இரண்டையும் உங்கள் எதிரிலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் மாட்ட வேண்டாம்.