துள்ளல் அண்டத்தின் நான்கு கட்சிகள்

பெருவெடிப்புக்கு முன்னால் சுருங்கிக்கொண்டிருந்த அண்டம் ஒன்று இருந்தது, அதுதான் ஓர் எல்லையில் துள்ளித் திரும்பி இன்று விரிகிறது என்று வாதிடும் அண்டவியலாளர்கள் உண்டு. 1930களிலேயே ரிச்சர்ட் டோல்மன், சுருங்கி விரியும் அண்டத்தில் சுற்றுக்குச் சுற்று என்ட்ரோபி ஏறும் என்று கணக்கிட்டுக் காட்டினார். இன்று இந்த மரபை எடைபோடும் உரைகல் வேறு: நுண்ணலைப் பின்னணியில் லட்சத்தில் ஒரு பங்காகத் தெரியும் வெப்பநிலை வேறுபாடுகள். அவற்றுக்கு வித்தான ஆதிச் சிற்றலைகள் எல்லா நீளத்திலும் ஏறக்குறைய ஒரே வலிமையோடு இருக்கவேண்டும். அச்சு அசலாக ஒன்றென்றால், அதை அளக்கும் சாய்வெண் 1; பிளாங்க் விண்கலம் அளந்தது 0.965. அடர்த்தி அலைகளோடு ஒப்பிட்டால் ஈர்ப்பலைகளின் விகிதம் 0.036-க்குக் கீழே இருக்கவேண்டும் என்பது 2021-இல் தென்துருவத் தொலைநோக்கிகள் வைத்த வரம்பு.

முதல் கட்சி, 1990களில் காஸ்பெரினியும் வெனெசியானோவும் இழைக் கோட்பாட்டிலிருந்து எடுத்தது. அதன் அடர்த்தி அலைகள் குறுநீளத்தில் மட்டும் ஓங்கின. ஆக்சியான் என்ற இன்னொரு புலத்தைத் துணைக்கு அழைத்தும் அது பெரிதாக எடுபடவில்லை.

எனக்குப் பிடித்தது பருப்பொருள் துள்ளல். அழுத்தமில்லாத தூசு நிறைந்த அண்டம் சுருங்கும்போது நீண்ட அலைகள் முந்தித் தொடுவான எல்லையைத் தாண்டுகின்றன. அப்போது அவற்றின் வீச்சு சிறிது. ஆனால் வளரக் கிடைக்கும் காலம் அதிகம். இரண்டும் ஈடாகிச் சமவலிமை வந்துவிடுகிறது. 1999-இல் டேவிட் வாண்ட்ஸ் காட்டிய அழகான கணக்கு இது. வினையும் இதில்தான்: ஈர்ப்பலைகளும் அதே வேகத்தில் வளர்ந்து வரம்பை உடைத்துவிடுகின்றன. 2018-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் ஸ்ரீராம்குமார் குழு, இரண்டு புலங்களை வைத்து ஒரு வழி கண்டது. துள்ளலுக்கு எதிர்ம ஆற்றல் தேவை. அது தலைகாட்டும் அந்தச் சிறு பொழுதில் அடர்த்தி அலைகள் மட்டும் சட்டென்று ஓங்க, விகிதம் சரிகிறது. அப்படியும், திசைக்குத் திசை மாறும் சுருக்கம் தூசைவிட வேகமாக ஏறி எல்லாவற்றையும் குலைக்கும் ஆபத்து தீரவில்லை.

அந்த நோய்க்கு மருந்து வைத்திருப்பது 2001-இல் கௌரி, ஓவ்ரட், ஸ்டைன்ஹார்ட், ட்யூரோக் நால்வரும் முன்வைத்த எக்பைரோட்டிக் மாதிரி. அழுத்தம் மிகுந்த அதன் புலம் திசை வேறுபாட்டை முந்திக்கொண்டு வளர்கிறது. ஆனால் ஒற்றைப் புலத்தில் சாய்வெண் சரிவரவில்லை. இரண்டாம் புலம் சேர்த்தார்கள். அலைகளின் பரவல் மணிவடிவிலிருந்து கணிசமாக விலகும் என்று தொடக்க வடிவங்கள் சொல்ல, 2013 முதல் பிளாங்க் அப்படி எதையும் பார்க்கவில்லை. உடனே விலகல் குறைந்த வடிவங்கள் பிறந்தன. இவ்வளவு வளைந்துகொடுப்பது பலமா பலவீனமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஒன்றில் மட்டும் இவர்கள் கறார்: ஆதி ஈர்ப்பலை கண்ணில் படும் அளவுக்கு இருக்காது. நாளை யாராவது கண்டுவிட்டால் கடையைக் கட்டவேண்டியதுதான்.

நான்காவது, வளையக் குவாண்டம் அண்டவியல். அஷ்டேகர், பவ்லோவ்ஸ்கி, பரம்ப்ரீத் சிங் மூவரும் 2006-இல் காட்டியபடி, அடர்த்தி (இன்றைய கணக்கில்) பிளாங்க் அடர்த்தியின் 0.41 பங்கை எட்டியதும் வெளியின் குவாண்டம் இயல்பே அண்டத்தைத் திருப்பிவிடுகிறது. எதிர்ம ஆற்றல் எதுவும் வேண்டாம். துள்ளலை இவ்வளவு சுத்தமாகச் செய்தவர்கள் வேறு யாருமில்லை. ஆனால் சிற்றலைகளுக்கு இவர்களில் பலர் இன்ஃப்ளேஷன் என்ற ஆதி அதிவேக விரிவையே நம்பியிருக்கிறார்கள். துள்ளலின் சுவடு மிக நீண்ட அலைகளில் மட்டுமே மிஞ்சும். அந்த அலைகளோ நம் வானத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன.