டபாக் சவரச் சோப்பு: நுரையும் மணமும்

டபாக் ஒரிஜினல் ஜெர்மனியின் ஸ்டோல்பெர்க் நகரத்துத் தயாரிப்பு. ஆகென் நகருக்கு அருகே, பித்தளைத் தொழிலால் பெயர்பெற்ற ஊர் அது. மாய்ரர் அண்டு விர்ட்ஸ் நிறுவனம் 1845இல் அங்கே சோப்பு காய்ச்சத் தொடங்கியது. நூறாண்டுக்கு மேல் கைப்பழக்கம் ஏறிய பிறகு, 1959இல், ஆண்களுக்கான இந்த வாசனை வரிசையை வெளியிட்டது. கொலோன், சவரத்துக்குப் பின் பூசும் லோஷன், சோப்பு எல்லாவற்றுக்கும் ஒரே மணம். சவரத்தில் ருசி கண்டவர்கள் இவற்றுள் தனியே எடுத்துப் போற்றுவது, வெள்ளைக் கிண்ணத்தில் வரும் 125 கிராம் சவரச் சோப்பை. அதன் நுரையைப் பற்றிப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மணத்தைப் பற்றித்தான் உண்டு: சிலர் ஆயுள் முழுக்க இதை விட மாட்டார்கள், சிலரால் ஒருமுறைக்கு மேல் தாங்க முடியாது.

சவரச் சோப்பும் குளியல் சோப்பும் ஒன்றல்ல. குளியல் சோப்பு அழுக்கை எடுத்துக்கொண்டு உடனே கழுவிப்போக வேண்டும். சவரச் சோப்பின் நுரையோ பிளேடு கடக்கும்வரை உலராமலும் சரியாமலும் முகத்தில் நிற்க வேண்டும். அதற்காக ஸ்டியரிக் அமிலம் மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. அடர்ந்த, நிலைத்த நுரை அதனால் கிடைப்பது. காரமாகச் சோடியம் ஹைட்ராக்சைடு மட்டும் சேர்த்தால் கட்டி இறுகி, நீரில் கரையச் சுணங்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மட்டும் சேர்த்தால் குழைந்துவிடும். இரண்டையும் அளவாகக் கலப்பதில்தான் தயாரிப்பாளரின் கைத்திறன் இருக்கிறது. டபாக் நெடுங்காலம் மாட்டுக்கொழுப்பை அடிப்படையாகக் கொண்டிருந்தது. அந்தக் கொழுப்பில் பால்மிடிக், ஸ்டியரிக், ஓலிக் அமிலங்கள் இயல்பாகவே சேர்ந்திருப்பதால் நுரைக்கு உடலும் வழுக்கலும் ஒருசேரக் கிடைத்தன.

நுரை எழுப்பும் வேலை பிரஷ்ஷிலிருந்து தொடங்குகிறது. வெந்நீரில் ஊறிய பிரஷ்ஷை லேசாக உதறி, சோப்பின்மேல் அரை நிமிடம் சுழற்ற வேண்டும். முதலில் பெரிய குமிழிகள் தோன்றும். அவை காற்று மட்டுமே. சுழற்றச் சுழற்ற அவை உடைந்து, பிரஷ்ஷின் நுனியில் பசை போன்ற படலம் ஏறும். அந்தப் பசையை முகத்திலோ கிண்ணத்திலோ வைத்து, சில சொட்டுகளாக நீர் சேர்த்துக் குழைத்தால் வெண்மை கூடி, மேற்பரப்பில் மினுமினுப்பு வரும். கெட்டித்தயிர் போல முனை நின்று, விரலிடையில் தேய்த்தால் வழுக்கினால் பதம் சரி. நீர் குறைந்தால் நுரை பிளேடை இழுக்கும். மிகுந்தால் கன்னத்தில் வழிந்துவிடும். உப்புத்தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடுவதால், அங்கே சோப்பைச் சற்றுக் கூடுதலாக ஏற்ற வேண்டும். இத்தனை நேரமும் முகத்து முடி நீரை உறிஞ்சி மென்மையாகிறது. மென்மையான முடியை வெட்டக் குறைந்த விசை போதும், எரிச்சலும் குறைகிறது.

பெயரில் புகையிலை இருந்தாலும் மணத்தில் அது அடங்கிய ஒரு சாயல்தான். கிண்ணத்தைத் திறந்ததும் முந்திக்கொள்வது எலுமிச்சை, பெர்கமாட், நெரோலி ஆகியவற்றின் கூர்மை. அதோடு ஆல்டிஹைடுகள் தரும், சலவைத்துணியை நினைவூட்டும் பளிச்சென்ற தன்மை. அடுத்த அடுக்கில் லாவெண்டர், ஜெரானியம், மல்லிகை, கிராம்பின் காரம் கலந்த கார்னேஷன். அடியில் சந்தனம், ஓக் பாசி, கஸ்தூரி, வனிலா. இந்த அடிப்பகுதியே பவுடர் போன்ற இனிமையைத் தருகிறது. லாவெண்டரையும் ஓக் பாசியையும் இணைக்கும் இந்த முறைக்கு நீண்ட மரபு உண்டு. ஊபிகான் நிறுவனம் 1882இல் வெளியிட்ட ஃபுழேர் ருவாயால் என்ற வாசனைத் திரவியத்தில் தொடங்கி, ஐரோப்பிய முடிதிருத்தகங்களின் மணமாகவே அது ஊன்றிவிட்டது.

மணம் இப்படிப் பிளவை உண்டாக்குவதற்குக் காரணங்கள் தெளிவானவை. முதலாவது நினைவு. முகர்வுச் செய்தி, பிற புலன்களின் செய்திகளைப் போலத் தலாமஸ் என்ற மூளைப்பகுதி வழியே சுற்றிப்போகாமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய மூளைப்பகுதிகளை நேராக எட்டுகிறது. தந்தையோ தாத்தாவோ டபாக் பூசிய வீட்டில் வளர்ந்தவருக்கு அது பாசத்தின் மணம்; அந்த நினைவு இல்லாதவருக்குப் பழைய அலமாரியின் மணம். இரண்டாவது, காலத்தின் ரசனை. 1988இல் வந்த கூல் வாட்டர் என்ற வாசனைத் திரவியம் முதலாக, நீரின் குளுமையை ஒத்த மணங்கள் ஆண்களுக்கான சந்தையைப் பிடித்தன. அவற்றில் பழகிய மூக்குக்குப் பவுடர் இனிமை குழந்தைக்குப் பூசும் டால்கத்தை நினைவூட்டுகிறது. மூன்றாவது உடலமைப்பு. சில கஸ்தூரி மூலக்கூறுகளைச் சிலரால் முகரவே முடியாது. ஒரே சோப்பு இருவருக்கு இரண்டு மணமாக அமைவதில் வியப்பில்லை. இவற்றோடு வீரியமும் சேர்கிறது: வெந்நீரில் ஆவியாகும் மணம் மூக்குக்குக் கீழேயே பரவுகிறது.

ஆகவே கிண்ணத்தை முகர்ந்த உடனே தீர்ப்புச் சொல்வது டபாக்குக்கு அநியாயம். காய்ந்த சோப்பில் ஆல்டிஹைடும் கிராம்பின் காரமும் முன்னே நின்று முகத்தில் அறைகின்றன. நுரையில் நீர் கலந்ததும் அவை இளகி, லாவெண்டரும் பூக்களும் மேலெழுகின்றன. சவரம் முடிந்து முகம் கழுவிய பின், தோலில் எஞ்சுவது சந்தனமும் கஸ்தூரியும் சேர்ந்த மெல்லிய சுத்தம். இந்த மூன்று நிலைகளையும் கடந்து வெறுப்பவரின் வெறுப்பு நியாயமானது. முதல் நிலையிலேயே மூடி வைத்தவர் பாதியைத்தான் அறிந்திருக்கிறார்.

2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவனம் மாட்டுக்கொழுப்பை விட்டுத் தாவரக் கொழுப்புக்கு மாறியது. விலங்குக் கொழுப்பைத் தவிர்ப்பவர்களும் இனி இதைப் பயன்படுத்தலாம். பழைய நுரையின் வழுக்கலுக்குப் பழகியவர்கள் அந்த இழப்பைச் சொல்லி வருந்துகிறார்கள். பழைய கட்டிகளைத் தேடிச் சேர்த்து வைப்பவர்களும் உண்டு. மணத்தின் அடையாளம் மட்டும் மாறவில்லை.

புதிதாகத் தொடங்குபவர் கிண்ணத்துக்குப் பதிலாக 100 கிராம் குச்சிச் சோப்பை வாங்கலாம். நனைந்த தாடையில் அதைத் தேய்த்து, பிரஷ்ஷால் நுரைத்தால் போதும். அதே மணமுள்ள லோஷனை மேலே பூசாமல் மணமற்ற ஒன்றைப் பூசினால் வாசனை ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். மணத்தை ரசிப்பவர் சோப்போடு அதே மணமுள்ள லோஷனையும் சேர்த்தே பூசிக்கொள்ளலாம். எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்று மணத்தைத் தணித்திருந்தால் டபாக் எவருக்கும் நினைவில் நின்றிருக்காது. அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் அது விற்பனையில் இருப்பது, பிடித்தவர்களைக் கடைசிவரை பிடித்துவைக்கும் மணம் அதற்கு உண்டு என்பதால்தான்.