"வருமா?" என்று கேட்ட போர்டு: புள்ளிராஜா விளம்பரம் பற்றிச் சில குறிப்புகள்

2003 வாக்கில் தமிழ்நாட்டில் இருந்தவர்களிடம் "புள்ளிராஜா" என்று சொன்னால் போதும், மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" பெரிய பெரிய போர்டுகளில் அந்த ஒரு வரி. யார் போட்டது, எதுக்குப் போட்டது என்று முதலில் ஒன்றும் புரியாது. திருச்சி சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகிற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காலேஜ் பசங்க அதை வைத்தே ஒருத்தனை ஒருத்தன் ஓட்டிக்கொண்டு போவார்கள். ராஜா என்று பேர் வைத்திருந்தவன் பாடு திண்டாட்டம்தான்.

போட்டது ஏபேக். சென்னை வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் நடத்திய எய்ட்ஸ் தடுப்புத் திட்டம்; 1995லிருந்து அமெரிக்காவின் யுஎஸ்எய்ட் பணத்தில் ஓடியது. ஆண்களை ஆணுறை பற்றி யோசிக்க வைப்பதுதான் நோக்கம். விளம்பர வரலாற்றில் அதை வெற்றி என்றுதான் எழுதுவார்கள். எனக்கு அந்த வரியின் மேல் மரியாதை உண்டு, புகாரும் உண்டு.

மரியாதை எதற்கு என்றால், பேசவே கூசுகிற ஒரு சொல்லை டீக்கடைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் நாம் பார்த்த எய்ட்ஸ் படங்கள் மண்டையோடும் எலும்பும்தான். மூன்றாம் மனிதன் ஒருத்தனை நிறுத்தி, அவனைப் பற்றி வம்பு பேசவிட்டு, நடுவில் நம்மைப் பற்றியும் யோசிக்க வைப்பது நல்ல தந்திரம். "பெரும்புள்ளி" என்கிற சொல் அந்தப் பேருக்குள் ஒளிந்திருப்பதும் சும்மா இல்லை. தென் மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக் கர்ப்பிணிகளிடம் தொற்று 2000ல் 1.7 சதவீதமாக இருந்து 2004ல் 1.1 ஆகக் குறைந்ததாக 2006ல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. அதைப் புள்ளிராஜா கணக்கில் எழுத முடியாது. ஆனால் அந்தக் காலத்து மொத்த முயற்சியில் அவனுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும்.

புகார் அந்த "வருமா"வில் இருக்கிறது. இது ஜோசியரிடம் கேட்கிற கேள்வி. மழை வருமா, வரன் வருமா, எய்ட்ஸ் வருமா. எதிர்காலத்தில் எங்கோ இருக்கிற பதிலுக்காகக் காத்திருக்கத்தான் முடியும், கையில் செய்ய ஒன்றும் கிடையாது. அது மட்டுமில்லை, வருவது எய்ட்ஸ் இல்லை. வருவது எச்.ஐ.வி.; மருந்து எடுக்காமல் பல வருஷம் விட்டால் அது எய்ட்ஸ் ஆகிறது. "எச்.ஐ.வி. இருக்கா?" என்று கேட்டிருந்தால் அது ரத்தப் பரிசோதனையில் பதில் கிடைக்கிற கேள்வி. "வருமா" என்பதற்கு எந்த லேபிலும் பதில் கிடையாது.

இன்றைக்கும் ஒருத்தன் ஒரு ராத்திரிக்குப் பிறகு தனக்குள் கேட்டுக்கொள்வது இந்த "வருமா"வைத்தான். மூன்றாம் நாளே லேபுக்கு ஓடுகிறான். "நான் ரியாக்டிவ்" என்று ரிப்போர்ட் வருகிறது. நிம்மதி ரெண்டு நாள் தாங்காது. தொண்டை கரகரக்கிறது, போனில் தேடுகிறான், ரெண்டு வாரத்தில் காய்ச்சல் வரலாம் என்று படிக்கிறான், உடனே உடம்பு சுடுகிற மாதிரி இருக்கிறது. மறுபடி வேறு லேப். அந்த மூன்றாம் நாள் ரிப்போர்ட்டுக்கு அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே கிடையாது. அது பழைய கதைக்கு மட்டும்தான் பதில். ஆன்டிபாடியோடு வைரஸின் பி24 புரதத்தையும் தேடுகிற நான்காம் தலைமுறைப் பரிசோதனை (நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேபில் செய்வது) 18 முதல் 45 நாளுக்குள் பிடித்துவிடும். ஆன்டிபாடியை மட்டும் பார்க்கிற விரைவுப் பரிசோதனைக்கு 90 நாள் வரை ஆகலாம். இந்த நாட்கணக்கு தெரிந்தவனுக்கும் பயம் இருக்கும். ஆனால் அந்தப் பயத்துக்கு முடிகிற தேதி ஒன்று உண்டு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தொற்று உள்ள, மருந்து எடுக்காத ஒருவரோடு ஆணுறை இல்லாமல் ஒருமுறை யோனிப் புணர்ச்சி நடந்தால் ஆணுக்குத் தொற்றுகிற சராசரி வாய்ப்பு 10,000க்கு 4, பெண்ணுக்கு 8. ஆசனவாய்ப் புணர்ச்சியில் ஏற்பவருக்கு 138. வேறு பால்வினை நோய் இருந்தால் கூடும். மருந்து எடுத்து, வைரஸ் அளவிட முடியாதபடி குறைந்தவரிடமிருந்து உடலுறவில் தொற்றவே இல்லை என்று பார்ட்னர் ஆய்வுகள் 2016லும் 2019லும் காட்டின. முத்தத்தில் பரவாது, கை குலுக்கினாலும் பரவாது.

இந்த எண்கள் "பரவாயில்லை, போ" என்று சொல்ல இல்லை. பயப்படுகிறவன் பெரும்பாலும் ஆபத்தை அளப்பதே இல்லை, குற்ற உணர்ச்சியை அளக்கிறான் என்று காட்டத்தான். "ஒருவனுக்கு ஒருத்தி" என்று சுவரில் எழுதிவைத்த பிரச்சாரங்கள் இந்த ரெண்டையும் ஒரே தராசில் போட்டுவிட்டன. அதனால்தான் முத்தம் கொடுத்தவன் நாலு தடவை டெஸ்ட் எடுக்கிறான். ஒரு தப்பும் செய்யாத மனைவிக்குக் கர்ப்பமானால்தான் முதல் டெஸ்ட்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2003ல் "போய் டெஸ்ட் எடு" என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை. இருக்கு என்று தெரிந்தால் அப்புறம்? இந்தியாவில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து தர ஆரம்பித்ததே 2004 ஏப்ரலில்தான், அதுவும் தாம்பரம் போல எட்டு மருத்துவமனைகளில். மருந்தில்லாத காலத்து போர்டு பயத்தை மட்டும் விற்றதை மன்னிக்கலாம். மருந்து வந்த பிறகும் அதே தொனி தொடர்வதுதான் உறுத்துகிறது. சந்தேகமான சம்பவத்துக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்கிற தடுப்பு மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. நான் பார்த்த எந்தச் சுவரிலும் "72 மணி நேரம்" என்று எழுதிப் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் லேபுக்கு ஓடினவன் உண்மையில் ஓடியிருக்க வேண்டியது டாக்டரிடம்.

அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கிற "நம்பிக்கை மைய"த்தில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். சம்மதம் இல்லாமல் சோதிக்கக்கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று 2017ம் வருஷச் சட்டம் சொல்கிறது. 2018 செப்டம்பர் 10லிருந்து அமலில் இருக்கிறது. ஆனால் சட்டம் வாசலில் நிற்பவனைக் காப்பாற்றாது. ஸ்ரீரங்கம் ரெண்டு ஆற்றுக்கு நடுவே இருக்கிற ஊர். உத்தர வீதியில் தும்மினால் சித்திரை வீதியில் "என்ன, உடம்பு சரியில்லையா?" என்பார்கள். அங்கே ஒருத்தன் உள்ளூரிலேயே போய்க் கேட்பானா? காவேரிப் பாலம் தாண்டிப் புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போவான், அங்கேயும் தெரிந்த முகம் இருந்தால் தஞ்சாவூர் பஸ் ஏறுவான். 72 மணி நேரத்தில் பாதி இதிலேயே போய்விடும்.

2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது நினைவிருக்கும். ரத்தம் கொடுத்த இளைஞருக்கு விஷயம் தெரிந்ததே வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான். தெரிந்ததும் தானே போய்ச் சொன்னார். 2016ல் அவர் கொடுத்த ரத்தத்திலேயே தொற்று தெரிந்தும் அவரிடம் யாரும் சொல்லவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. சில நாளில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். மாத்திரையோடு அவர் முழு ஆயுளும் வாழ்ந்திருக்கலாம். டெஸ்டுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று எந்த போர்டு அவருக்குச் சொல்லியிருக்கும்?

போர்டில் நின்ற புள்ளிராஜா தனி ஆள். அந்த வரியில் அவனுக்கு ஒரு மனைவி இருப்பதாகவே தெரியாது. வருமா என்று ஊரே அவனைப் பற்றித்தான் கேட்டது.