கணிசமான முட்டை

2020 நவம்பர் கடைசியில் இங்கிலாந்து மந்திரிகளை ஒரு முட்டை பாடாய்ப் படுத்தியது. கொரோனா விதிப்படி சில பகுதிகளில் 'சப்ஸ்டான்ஷியல்' சாப்பாட்டோடுதான் பப்பில் மது தரலாம். அதென்ன சப்ஸ்டான்ஷியல் என்று நிருபர்கள் கேட்க, ஸ்காட்ச் எக் போதும் என்கிற மாதிரி சொன்னார் மந்திரி ஜார்ஜ் யூஸ்டிஸ். (அவித்த முட்டையைக் கறியில் பொதிந்து பொரிப்பது. நம்ம முட்டை போண்டாவுக்குத் தூரத்துச் சொந்தம்.) இன்னொரு மந்திரி மைக்கேல் கோவ், இரண்டு தின்றாலும் அது வெறும் தொடக்கம்தான் என்றார். அன்றைக்கே பேச்சை மாற்றி, அது முழுச் சாப்பாடுதான் என்றும் சொல்லிவிட்டார்.

சிரிக்கலாம். ஆனால் இதே வார்த்தை நம் சட்டங்களிலும் உட்கார்ந்திருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் இதைக் கண்ட இடத்திலெல்லாம் 'கணிசமான' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். நானும்தான்.

எவ்வளவு இருந்தால் கணிசம்? பி.காம். படித்தபோது நெட்டுருப் போட்டது: 1961ம் வருட வருமான வரிச் சட்டத்தில், கம்பெனியின் ஓட்டுரிமையில் 20 சதவீதம் வைத்திருப்பவருக்கு 'சப்ஸ்டான்ஷியல்' பங்கு. செபியில் வேறு கணக்கு. ஒரு கம்பெனியின் பங்குகளை எவ்வளவு வளைத்தால் மற்ற பங்குதாரர்களிடமும் விலை கேட்டாக வேண்டும் என்பதற்கு 1997 விதிகளில் 10 சதவீதம், அடுத்த வருடம் 15, 2011ல் 25. வார்த்தை நின்ற இடத்திலேயே நிற்கிறது, எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது! ஆனாலும் எண் என்று ஒன்று இருந்தால் சண்டை சீக்கிரம் முடிந்துவிடும்.

எண் இல்லாத இடத்தில்தான் வம்பு. 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் அரசிடம் 'சப்ஸ்டான்ஷியல்' ஆக நிதி பெறும் அமைப்பும் பதில் சொல்லியாக வேண்டும். எத்தனை சதவீதம்? சட்டம் சொல்லவில்லை. கேரளக் கூட்டுறவுச் சங்கங்கள் பற்றிய வழக்கில் 2013ல் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் கொடுத்தது. மானியம், சலுகை வாங்கினால் மட்டும் போதாது. அந்தப் பணம் இல்லாவிட்டால் அமைப்பு நிற்கவே திணற வேண்டும். டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் 2019ல் வந்த தீர்ப்பு இன்னும் தாராளம். பாதிக்கு மேல் இருக்கவேண்டும் என்று அவசியமில்லை. நகரத்துக்குள் இலவசமாக நிலம் கொடுத்திருந்தால் அதுகூடக் கணக்கில் வரலாம் என்றார்கள்.

எனக்குப் பிடித்தது 2013 தீர்ப்பின் அந்தத் 'திணறல்'. இந்த வார்த்தைக்கு லத்தீன் வேர், 'கீழே நிற்பது'. மேலே இருப்பதைத் தாங்கிக்கொண்டு அடியில் நிற்கிற பொருள். அளவு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. நம்ம 'கணிசமான'வில் அளவு மட்டும்தான் இருக்கிறது, தாங்கல் இல்லை. வீட்டில் நாலு தூண் இருந்தால் ஒரு தூண் 25 சதவீதம்தான். எடுத்துப் பாருங்களேன்!

இதெல்லாம் வெறும் வார்த்தை ஆராய்ச்சி இல்லை. தெரிந்த பெரியவர் ஒருவர், பேத்திக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை, எந்த மார்க்கோடு நிறுத்தினார்கள் என்று அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியிடம் தகவல் கேட்டார். ஒரே வரியில் பதில் வந்தது: 'நாங்கள் கணிசமாக நிதி பெறும் நிறுவனம் அல்ல.' கடிதத்தைப் பார்த்த மனுஷன், "கணிசம்னா எவ்வளவு சார்?" என்று என்னிடம் கேட்டார். அங்கே பெரும்பாலான ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம்.

மேல்முறையீடு எழுத உட்கார்ந்தோம். பெரியவர் சதவீதக் கணக்கில் ஆரம்பித்தார். அதை அடித்துவிட்டு, அரசாங்கச் சம்பளம் மூன்று மாசம் வராவிட்டால் காலேஜைத் திறப்பீர்களா என்று முதல் பாராவிலேயே கேட்கச் சொன்னேன்.